காலி என்று சொன்னேன்

பழைய கம்ப்யூட்டரைத் திறக்கும்முன் மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூ உருண்டு ஓடாது. எங்கள் கடையில் அந்தத் துண்டைத் துவைப்பது என் தங்கையின் வேலை. இப்போது நான்தான் துவைக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, சார்.

அவன் வாடிக்கையாளனாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது மார்ச்சில். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பாக, டிவியில் மாட்டி ஓட்டுகிற நாற்பது வருடத்துச் சாமான். மின்னல் வெட்டியபோது வோல்டேஜ் எகிறிச் செத்துப்போயிருந்தது. ஃப்யூஸ் மாற்றினோம், மறுபடி போனது. மெமரி சிப்பில் விரல் வைத்தால் சுட்டது. ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஒன்பது வந்தது. ஒரு வார வேலை. தங்கை மூன்று மாதம் இழுத்தாள்.

"என்னடி, இன்னுமா நோய் தெரியல?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிடுச்சுக்கா. டாக்டருக்குத்தான் பேஷண்டை அனுப்ப மனசில்ல," என்றான் அவன். அவள் ஸ்க்ரூ டிரைவரால் அவன் முழங்கையில் ஒரு தட்டு தட்டினாள்.

ஜூனில் அவர்கள் இருவருக்கும் கல்யாணப் பேச்சு வந்தது. அவனுக்கு வேலை வேறு ஊரில். அம்மா போனபின் பதினாறு வருடம் அவளை வளர்த்தவள் நான். எனக்கு வந்த வரன்களை வாசலோடு அனுப்பினேன். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவளுக்கே தெரிய வேண்டாமா?

பவர் சப்ளைக்குள் பெரிய கெபாசிட்டர் ஒன்று உண்டு. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். நான் ஒரு பல்பின் ஒயரை அதில் தொடவைத்து அந்தக் கரண்டை இறக்குவேன். பல்பு ஒருமுறை மின்னி அணையும். "காலி" என்பேன். அதற்குப் பிறகுதான் அவள் கை வைப்பாள். எங்கள் கடை வழக்கம் அது. பதினொரு வருடத்தில் அவள் ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை.

அன்று காலை பல்பு ஒயர் என் கையில்தான் இருந்தது.

"காலியாக்கா?" அவனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"காலி" என்றேன்.

மறதி என்று எழுதிவிடலாம் என்கிறார் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர். நல்ல மனிதர். வேண்டாம். நான் எதையும் மறக்கவில்லை. ஷாக்கில் அவள் வலது கை கொஞ்ச நாள் முடங்கிக் கிடக்கும், கல்யாணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. அழுதேன். ஆனாலும் அதற்குப் பிந்தைய நாட்களைப்போல் நாங்கள் என்றும் நெருக்கமாக இருந்ததில்லை. தலை பின்னிவிட்டேன், பொத்தான் மாட்டிவிட்டேன், சாப்பாடு ஊட்டினேன்.

அவன் ஓடிவிடுவான் என்று நினைத்ததுதான் என் தப்பு. தினமும் வந்தான்.

போன வாரம் ஊட்டும்போது கேட்டாள்: "அன்னிக்குப் பல்பு எரியலையேக்கா?"

"நீ எங்கடி பல்பைப் பார்த்தே? அவனையில்ல பார்த்துட்டிருந்தே."

வாயை மூடிக்கொண்டாள். பிறகு என் கையால் சாப்பிடவே இல்லை.

இதோ உங்கள் மேசையில் இருக்கிறதே, அவள் கொடுத்த புகார். இடது கையால் எழுதியது. பேப்பர் நகராமல் அவன் பிடித்துக்கொண்டானாம். ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு கோணல், பாருங்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அழகாக எழுதிக் கொடுத்திருப்பேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், சார்.