‘கட்’ சொன்ன பிறகும் ஓடிய இருபத்திரண்டு நொடி

கண்ணீரின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைதான் என்பதைக் கிளிசரின் புட்டி வாங்கிப் பழகிய நாங்கள் எல்லோரும் அறிவோம். அவ்வளவு மலிவாகக் கிடைத்தும் அதை வேண்டாமென்ற ஒரே மனிதரே! முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் படத்தொகுப்பு அறையைக் கட்டி ஆண்டவரே! கத்தரி பிடித்த கையில் கனிவும் பிடித்த எங்கள் கத்தரி அண்ணனே! வணக்கம்.

காலை ஒன்பதுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியின் ஆடும் காலுக்கு அட்டையை மடித்து வைத்து, அதன் பின்னரே படத்தைத் தொடும் தங்கள் ஒழுங்கைப் போற்றுகிறோம். தேநீரை ஒருநாளும் தாங்கள் சூடாகக் குடித்ததில்லை என்பதையும் போட்டு உடைத்துவிடுகிறோம். தொகுத்த படங்கள் நூற்று நான்கு. பாதியை நாங்கள் மறந்துவிட்டோம். தாங்களும் மறந்திருப்பீர்கள், குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு படத்தை மறக்க முடியுமா!

நாவலிலிருந்து எடுத்த படம். விட்டுப்போன கணவனின் சட்டைகளைப் பத்தாண்டுகள் துவைத்து மடித்து வைத்த தையல்காரியின் கதை. அவன் இறந்த செய்தி வந்ததும் அவள் அந்தச் சட்டைகளின்மேல் விழுந்து கதற வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. நாயகி மூன்று முறை கதறினார், கிளிசரின் தீர்ந்தது, இயக்குநர் ‘கட்’ என்றார். கேமராவை நிறுத்த உதவியாளர் மறந்துபோனார். களைத்த நாயகியோ, ஒப்பனைக்காரர் வரும்வரை, கிடந்த சட்டையொன்றின் கசங்கிய காலரைத் தன்னையறியாமல் நீவிக்கொண்டிருந்தார். குப்பைக்குப் போகவேண்டிய அந்தத் துண்டையல்லவா தாங்கள் படத்தின் முடிவாக ஒட்டினீர்கள்!

முதலாளி கொதித்தார். “அழவே இல்லையேய்யா! இதைப் பாக்கவா ஜனம் டிக்கெட் வாங்கும்?”

“அழுதா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சிடும், முதலாளி.”

“சரி, அஞ்சு நொடி வெச்சுக்க.”

“இருபத்திரண்டு.”

“பத்து! சரிய்யா, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பதினஞ்சு!”

“காலர் நேராகுறதுக்கு இருபத்திரண்டு ஆகுது. நான் என்ன பண்ண?”

கையில் வேறு வேலை இல்லை. வீட்டில் படிக்கும் பெண்கள் இருவர். ஆயினும் வேலையை விடும் கடிதத்தை அங்கேயே எழுதி மேசைமேல் வைத்தீர்கள். “ஒரு சட்டைக் காலருக்காகவா?” என்று அண்ணியார் கேட்டாராம். படம் பார்த்த பின் மறுபடி கேட்கவில்லையாம்.

தமக்காகப் பேசுவார் என்று நம்பி நாவலாசிரியை அம்மையாரை முதலாளி வரவழைத்தார். பார்த்து முடித்த அம்மையார், “இது என் புத்தகத்துல இல்லையே” என்றார். முதலாளியின் முகம் மலர்ந்தது. “இருந்திருக்கணும்” என்றார் அம்மையார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் முதலாளி. கிழிக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, தாங்கள் ஓய்வுபெறும் இன்று காலை அதே கடிதத்தின் அடியில் முதலாளி எழுதித் தந்ததை இந்த அவையில் வாசிக்கிறோம்: “ஏற்றுக்கொண்டேன். மனசில்லாமல்.”

அண்ணனே! நாங்கள் ‘கட்’ சொல்லிவிட்டோம். கேமரா நிற்க வேண்டாம். தங்கள் நாள்கள் நலமோடு நீண்டு ஓடட்டும். இனியாவது தேநீர் சூடாக இறங்கட்டும்.

ஆண்டுகள் முப்பத்தொன்று. படங்கள் நூற்று நான்கு. வெட்டியது மைல் கணக்கில். வெட்ட மறுத்தது இருபத்திரண்டு நொடி. முதலாளி கேட்ட தள்ளுபடி ஏழு நொடி; கொடுத்தது ஒன்றுமில்லை.

அன்பு மாறாத,
படத்தொகுப்பு அறைப் பணியாளர்கள்