வண்டி தூங்க வேண்டும்

அந்தக் கார் ஓட்டுவதற்கு நல்ல கார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதை ஆரம்பத்திலிருந்தே வெறுத்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சத்தம் கிடையாது, புகை கிடையாது. தேரடி வீதியின் சாயங்கால நெரிசலில்கூடப் பூனை நடப்பதுபோலப் போகும். ஆட்டோக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பி, "ஆரனாவது அடிங்க பாய்" என்பார்கள்.

நடந்ததை நானே எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள், மேடம். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதும்போது நான் நிதானமானவன்.

என் பெயர் நசீருதீன். பூட்டு, தாழ்ப்பாள், கீல் விற்கும் கடை வைத்திருக்கிறேன். மனைவி ரூபீனா. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே எனக்கு அவள், அவளுக்கு நான் என்று இருந்தோம். எங்கள் தெருவில் முதல் எலெக்ட்ரிக் கார் எங்களுடையதுதான். அது வந்த அன்று பக்கத்துப் பாத்திரக்கடை பரசுராமன் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா பாய், நைட்டெல்லாம் சார்ஜ்ல போட்டா மிக்சிக்குக் கரெண்டு மிச்சம் இருக்குமா?"

ரூபீனா மாடியிலிருந்தே பதில் சொன்னாள். "உங்க வூட்டு கிரைண்டர மொதல்ல ஓட வைங்கண்ணே. மாவுக்கு எங்க வூட்டுக்குத்தான தூக்கி அனுப்பறீங்க."

தெருவே சிரித்தது. அவள் அப்படித்தான் பேசுவாள்.

மாதம் முடிவதற்குள் மோட்டார் நின்றது. செங்கம் சாலையில், பகலில், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திரையில் ஓர் ஆமைப் படம் வந்தது. பிறகு சிவப்பாக ஏதோ எழுத்து. பிறகு கால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டிக்கு உயிரில்லை. பின்னால் வந்த பேருந்துக்காரன் என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒடித்துப் போனான். நான் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். அப்போதுதான் மாறனின் குரலை முதலில் கேட்டேன்.

மாறன் அங்கே வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்கிறவன். முப்பது வயதுகூட இருக்காது. சிரிக்காமல் அவனால் பேச முடியாது.

"பயப்படாதீங்க பாய். ஆஃப் பண்ணுங்க. எறங்கி, சாவியால லாக் பண்ணிட்டு, சாவியோட நல்லா தள்ளிப் போய் நில்லுங்க. சாவி பக்கத்துல இருந்தா வண்டி முழிச்சிக்கினே இருக்கும். அது தூங்கணும். பத்து நிமிசம் தூங்கி எழுந்தா சரியாய்டும்."

அப்படியே செய்தேன். வண்டி எழுந்து ஓடியது. மறுநாள் சர்வீஸில் விட்டேன். அவன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் காட்டலீங்க பாய்" என்றான். பிறகு பின் சீட்டில் ஏறி, சீட்டின்மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டான். அந்தக் காரில் மோட்டார் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. "நீங்க ஓட்டுங்க, நான் கேக்கறேன்." அவன் வேலை பார்க்கும் விதம் அது. வைத்தியர் நெஞ்சில் காது வைப்பதுபோல இருக்கும். ரூபீனாவுக்கு அவனைப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகும் பல தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் அதே போன், அதே தூக்கம், அதே 'ஒண்ணும் காட்டலீங்க'. மோட்டாரை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். பிழை பதிவாகாமல் மாற்ற முடியாது என்றார்கள். வண்டி தூங்கி எழுந்தால் பிழை அழிந்துபோகிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதாவது நோயாளி செத்துப் பிழைத்து வந்து நிற்கிறான், மருத்துவமனையோ நீ சாகவே இல்லையே என்கிறது. இதை ஒரு படித்த கூட்டம் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன், மேடம். இப்போது சரியாகிவிட்டது.

என் மைத்துனன் ஃபைசான் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறான். அவன் மகள் ஆஃப்ஷீனுக்கு நிச்சயம். அன்றைக்குப் பௌர்ணமி. பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்குத் திண்டிவனம் பக்கமிருந்து வருகிற பேருந்தும் வேனும் காலையிலிருந்தே நிற்காது. நாங்கள் அந்த வெள்ளத்துக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தோம். ரூபீனா பின் சீட்டில். மடியில் ஒரு தட்டு, பக்கத்தில் இரண்டு. இனிப்பு, பழம், பெண்ணுக்கு எடுத்த பச்சைப் பட்டு. ஏரிக்கரையைத் தாண்டினால் ஒரு வளைவு. அங்கே ஆமை வந்தது.

வண்டி பாதி தார் ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நின்றது. நான் மாறனைக் கூப்பிட்டேன். பேசினோம். இறங்கினேன், பூட்டினேன், சாவியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே வளைவைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடிக்குப் போனேன். பூட்டும்போது ரூபீனா கண்ணாடியைத் தட்டினாள். கொஞ்சம் இரு என்று கை காட்டினேன். அந்தக் காரைச் சாவியால் வெளியே பூட்டினால் ஒரு கதவும் உள்ளிருந்து திறக்காது. பூட்டு விற்கிறவனுக்கு இது தெரியும்.

ஊரில் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு காலிப் பேருந்து வளைவில் வேகமாகத் திரும்பியது. மற்றதை உங்கள் ஸ்டேஷன் ஆட்களே எழுதியிருக்கிறார்கள்.

கபரஸ்தானுக்கு மாறன் வந்திருந்தான். எங்கள் ஆட்கள் செய்வதைப் பார்த்து அவனும் மண் அள்ளிப் போட்டான். தேம்பித் தேம்பி அழுதான். ஜமாத்துப் பெரியவர் ஒருவர் அவனை மகன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குச் சோறு வெந்துகொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "வணக்கம் சார், உங்க வண்டி எப்படி ஓடுது? எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் தருவீங்க?" பத்து என்றேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். அவளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. அவளுக்கு முன்னால் ஒரு திரை இருந்திருக்கும். அதிலும் ஒன்றும் காட்டியிருக்காது.

பிறகு கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தவறு தங்களுடையதல்ல, ஆனாலும் மனிதாபிமானத்தில் அதே மாதிரி புதுக் கார் தருகிறோம் என்றார்கள். வாங்கிக்கொண்டேன். ஃபைசான் கடைக்கே வந்து, ஆட்கள் முன்னால் கேட்டான்.

"எங்க அக்காவ கொன்ன வண்டி மச்சான். அதே வண்டிய மறுபடி வாங்கி ஓட்றீங்களே, உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"

நான் ஒரு வாடிக்கையாளருக்குத் தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். அவன் கடை வாசலில் துப்பிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

புதுக் காரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் மாறனைக் கூப்பிட்டு, மோட்டார் நிற்கிறது என்றேன். வந்து செருகிப் பார்த்தான். பின் சீட்டில் படுத்துக் கேட்டான். "ஒண்ணும் காட்டலீங்க பாய், சத்தமும் இல்ல." மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வந்தான். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில் அப்போதுதான் முதல்முறையாக உண்மை இருந்தது. மோட்டார் மறுபடி நிற்கிறதாம் என்று பரசுராமன் தெரு முழுக்கச் சொன்னார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னொரு பௌர்ணமி வந்தது. மத்தியானம் அவனைக் கூப்பிட்டேன். ஏரிக்கரை வளைவுக்குப் பக்கத்தில்தான் சத்தம் வருகிறது, கூட வந்து கேள் என்றேன். அந்த இடத்தின் பெயரைச் சொன்னதும், "அங்கயா பாய்?" என்றான். பிறகு, "வரேன் பாய்" என்றான். வழியில் அவன் மனைவி சிந்துஜாவைப் பற்றிப் பேசினான். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான். ஆண் பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று என்னிடம் கேட்டான். உங்கள் பெரியவர்களைக் கேள் என்றேன்.

ஏரிக்கரை தாண்டியதும் வண்டியை நிறுத்தினேன். பாதி தாரில், பாதி மண்ணில். "நின்னுடிச்சு தம்பி. தூங்க வைக்கிறேன், நீ உள்ளயே இருந்து கேளு. எழும்போதுதான் சத்தம் வருது" என்றேன். அவன் அதற்குள் காதைச் சீட்டில் வைத்திருந்தான். எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இறங்கினேன். பூட்டினேன். வேப்பமரத்தடிக்குப் போனேன். பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக வைக்கும் சிவப்பு முக்கோணத்தையும் எடுத்துவந்திருந்தேன். அதை விரிக்கவில்லை. மடித்தபடி கக்கத்தில் வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"பாய், லாக் ஆய்ட்ச்சு பாருங்க. வெளிய வர முடியல." சிரித்துக்கொண்டே சொன்னான்.

"வண்டி தூங்கணும் தம்பி" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. வண்டிக்குப் பின்பக்கமிருந்து ஜல்லி ஏற்றிய லாரி வருவது நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. நான் நடுரோட்டுக்கு வந்து கையை ஆட்டியிருந்தால் டிரைவர் நிறுத்தியிருப்பார், அதற்கு இடமும் நேரமும் இருந்தன. நான் ஆட்டவில்லை. அந்த டிரைவருக்குக் கை முறிந்தது. அவருக்காக வருத்தப்படுகிறேன். இதில் குற்றமே இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

சிந்துஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். "கடைசியா எதாச்சும் பேசினாராங்கய்யா?" என்றாள். உன்னைப் பற்றித்தான் பேசினான் என்றேன். அது பொய்யில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பாவம் பாய், அதே வண்டி, அதே இடம், இரண்டாவது தடவை என்றார்கள். பத்திரிகையில் எழுதினார்கள். கம்பெனி அந்த மாடலையே திரும்ப வாங்கிச் சோதிப்பதாக அறிவித்தது. ரூபீனாவுக்குச் செய்யாததை மாறனுக்காகச் செய்தார்கள். இனிமேல் யார் வீட்டுப் பெண்ணும் ரோட்டில் அப்படிச் சாக மாட்டாள். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு கம்பெனியின் கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது. அன்று மோட்டாரில் கோளாறு இல்லை, பிரேக் மிதிக்கப்பட்டது, வண்டி வெளியிலிருந்து பூட்டப்பட்டது என்று வினாடி சுத்தமாகச் சொன்னது. ஒன்றுமே காட்டாத கம்ப்யூட்டர். என் மனைவி செத்தபோது ஊமையாக இருந்தது, தன் மோட்டாரைக் காப்பாற்ற வேண்டி வந்ததும் பேசிவிட்டது. அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கோபம் அதன்மேல்தான்.

ஏன் மாறன் என்று கேட்டீர்கள். கண்ணாடிக் கட்டடத்துக்காரர்களை விட்டுவிட்டு அந்தச் சின்னப் பையன் ஏன் என்று கேட்டீர்கள். பூட்டிவிட்டுத் தள்ளிப் போ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். ஒவ்வொரு தடவையும் வண்டி சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் அவன். இது போதாதா?

இதுவரை வாசித்துவிட்டு, போதாது என்பதுபோல நீங்கள் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அதனால் இதையும் எழுதுகிறேன்.

ரூபீனா போன அன்று, போனில் அவன் முதலில் சொன்னது தூக்கத்தைப் பற்றி அல்ல. "கூட யார்னா இருக்காங்களா பாய்?" என்று கேட்டான். அவள் இருக்கிறாள் என்றேன். "மொதல்ல அம்மாவ எறக்கி, ரோட்ட வுட்டுத் தள்ளி நிக்க வைங்க. அப்புறம் லாக் பண்ணுங்க" என்றான். சரி என்றேன். "எறக்கிட்டீங்களா?" என்று மறுபடி கேட்டான். இறக்கிவிட்டேன் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் வேன் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பட்டுப் புடவையும் தட்டுமாக என் மனைவி ரோட்டோரத்தில் நின்றால், புது வண்டி நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உள்ளே உட்கார்ந்திருந்தால் சும்மா நிறுத்தியிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அவள் தட்டியது இறங்குவதற்குத்தான்.

கபரஸ்தானில் எல்லோரும் போன பிறகு மாறன் என் காதருகே வந்தான். "நான் எறக்கச் சொன்னத யார்கிட்டயும் சொல்லல பாய். கம்பெனிலயும் சொல்லல. எப்பவும் சொல்ல மாட்டேன். நீங்க மனசப் போட்டு ஒடச்சிக்காதீங்க" என்றான். அவன் சொல்லவும் இல்லை. விசாரணையில் கம்பெனி பழியைத் தன்மேல் போட்டபோதும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை வண்டி பார்க்க வரும்போதும் அதே இரக்கத்தோடு என் முகத்தைப் பார்ப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேடம், மற்றது எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். இந்தக் கடைசி இரண்டு பத்தியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஃபைசான் கோர்ட்டுக்கு வருவான். ரூபீனாவைக் கொன்றது மோட்டார்தான்.