பச்சையா, சிவப்பா

கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர்களிடம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. என்ன வேலைக்கு என்றுதான் கேட்பேன். வேலை தெரிந்தால் கார்டு தானாகத் தெரிந்துவிடும். குவோபியோ துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்கள் கடை. இருபது வருடங்களுக்கு மேலாக அங்கே நிற்கிறேன். பழுதுபார்க்கும் மேசையும் என் பொறுப்பு. இளவட்டங்கள் கும்பலாக வந்து, கார்டு செய்கிற இரண்டு கம்பெனிகளில் பச்சைக் கம்பெனி உசத்தியா சிவப்புக் கம்பெனி உசத்தியா என்று ஐஸ் ஹாக்கி அணிகளுக்காக அடித்துக்கொள்வதைப்போல அடித்துக்கொள்வார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அதனால்தான் என்னிடம் கேட்டார்கள். "ஒஸ்மோ சொன்னா வாங்கிடலாம்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

என் மனைவி ஹில்க்காவும் அப்படித்தான் நம்பினாள்.

அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தாள். மாலை வகுப்புக்குப் போய் ஒரு வேலை கற்றுக்கொண்டாள். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோல் படமாகக் காட்டும் வேலை. சன்னல் வழியாக வெயில் விழும். தரையில் நாற்காலியின் நிழல் நீளும். பார்த்தால் அங்கே போய் உட்காரலாம்போல் இருக்கும். படங்கள் நன்றாக இருந்தன. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

போன குளிர்காலத்தில், தெற்கே ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் துர்க்கு நகரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தார் அவளிடம் ஒரு சோதனை வேலை கொடுத்தார்கள். அவர்கள் கட்டப்போகும் நூலகத்துக்குள் நடந்து போவதுபோல் ஒரு சின்னப் படம். பிடித்திருந்தால் வசந்தத்தில் வேலைக்குச் சேரலாம். எங்கள் பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை பார்த்து நானூறு யூரோ சேர்த்து வைத்திருந்தாள். அந்தக் காசுக்கு இரண்டு கார்டுகள்தான் இருந்தன. சமையலறை மேசையில் போனை என் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டும் ஒரே விலை. பச்சையா, சிவப்பா? நீயே சொல்லிடு, எனக்கு மண்டை காயுது."

"வேலை கிடைச்சா என்ன பண்ணப்போறே?"

"கிடைச்சா துர்க்குதான். சின்னதா ஒரு வீடு பாத்துக்கலாம். நீயும் வரலாம்."

நீயும் வரலாம். விருந்துக்கு வந்தவனிடம், இன்னொரு ரொட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதுபோல் சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லும்போதே விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தாள்.

"சிவப்பு," என்றேன். "அதே காசுக்கு மெமரி கூட. வேகமும் கூட. கண்ணை மூடிட்டு வாங்கு."

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. விளையாடுகிறவனுக்கு உண்மை. ஆனால் ஹில்க்கா பயன்படுத்திய மென்பொருள் சிவப்புக் கார்டைக் கண்ணெடுத்தும் பார்க்காது. கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, மொத்தப் பாரத்தையும் மற்ற பாகங்கள் இழுக்கும். அன்று காலையில்தான், அதே மென்பொருள் வைத்திருந்த ஒரு தச்சர் அதே நானூறு யூரோவோடு கடைக்கு வந்தார். அவருக்குப் பச்சை கொடுத்து அனுப்பினேன். மறுவாரம் நன்றி சொல்லச் சாக்லேட் பெட்டியோடு வந்தார். நான் குழம்பிப்போயிருந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கார்டு வந்தது. மாட்டிக் கொடுத்தேன். ஹில்க்காவின் நூலகம் நகரவே இல்லை. ஒரே ஒரு படம் வெளியே வர அரை நாள் ஆனது. பல நேரம் பாதியில் நின்றது.

"உன் மாடல் ரொம்பக் கனமா இருக்கு," என்றேன். "மரங்களைக் குறைச்சுப் பாரேன்."

நூலகத்தைச் சுற்றி அவள் நட்டிருந்த பிர்ச் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு நாற்காலிகளை. பிறகு மனிதர்களை. கடைசியில் வெயிலையும் எடுத்துவிட்டாள். சோப்புப் பெட்டிபோல் ஒரு கட்டடம் மிஞ்சியது.

"எனக்கு இதெல்லாம் வராதுபோல இருக்கு, ஒஸ்மோ."

"எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா என்ன?" என்று சொல்லிவிட்டு, வெந்நீராவியில் குளிக்கிற சௌனா அறையைச் சூடாக்கினேன்.

அந்த வாரங்களில் அவள் மேசையை விட்டுச் சீக்கிரமே எழுந்து வந்துவிடுவாள். என் தோளில் சாய்ந்தபடி டிவி பார்ப்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால், அவற்றைத்தான் சொல்வேன்.

பிறகு யார்க்கோ வந்தான். மாலை வகுப்பில் அவளோடு படித்தவன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள். அவள் படம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவன், குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான்.

"அடக் கடவுளே! ஹில்க்கா, இதை யாரு உன் தலையில கட்டினது? உன் சாஃப்ட்வேருக்கு இது வெறும் செங்கல்லு."

"ஒஸ்மோதான் பாத்துச் சொன்னது."

நான் அடுப்புப் பக்கம் காபி வடித்துக்கொண்டிருந்தேன். யார்க்கோ என்னைப் பார்த்துச் சிரித்தான். "விடுங்க ஒஸ்மோ. இந்தச் சாமானெல்லாம் தினம் மாறுது. நம்ம வயசுக்கு எட்டிப்பிடிக்க முடியுமா?" அவனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. நம்ம வயசு என்றது மரியாதைக்காக.

அவன் போன பிறகு ஹில்க்கா கேட்டாள்: "கவனிக்கலையா?"

"கவனிக்கலை," என்றேன்.

யார்க்கோ குடித்துவிட்டுப் போன கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள். "சரி, போகட்டும். யாருக்குத்தான் தப்பு நடக்கலை," என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்மேல் இரக்கப்பட்டாள்.

சிவப்புக் கார்டை நட்டத்துக்கு விற்றாள். பற்றாத காசுக்காகத் தன் பனிச்சறுக்குக் கட்டைகளையும் விற்றாள். ஒரு மாணவனிடமிருந்து, பழையதுதான், பச்சைக் கார்டு ஒன்று வாங்கி வந்தாள். யார்க்கோவைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லியிருக்கலாம். என்னிடம்தான் நீட்டினாள்.

"நீயே மாட்டு. இல்லேன்னா நான் இன்னும் கோபமா இருக்கேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே."

கடையில் என் மேசை இழுப்பறையில் ஒரு மெல்லிய ஒயர் கிடந்தது. மலிவுச் சரக்கு. சின்னச் சாமானுக்குப் போகிற மின்சாரத்தைத் திருப்பி, பசியெடுத்த பெரிய கார்டுக்கு ஊட்டுவது. அதன் ஜோடி ஒன்று ஏற்கெனவே ஒரு வாடிக்கையாளர் வீட்டில் உருகிக் கருகி எங்களிடம் வந்திருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவேன். இதை மட்டும் யாருக்கும் மாட்டாதீர்கள் என்று சொல்வேன். சும்மா படம் பார்த்தால், கொஞ்ச நேரம் விளையாடினால், ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடினால் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும்.

உருகாத ஒயரைத்தான் எடுத்துவந்தேன். கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து, பெட்டியின் பின்பக்கத்தில் செருகி மூடினேன். சோதித்தும் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒரு விளையாட்டு, வழுக்கிக்கொண்டு ஓடியது. ஹில்க்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெட்டியை மேசைக்கு அடியில், திரைச்சீலை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அதற்கு வேறு இடமில்லை.

அவள் மரங்களைத் திரும்ப நட்டாள். வெயிலையும் கொண்டுவந்தாள். சனிக்கிழமை சில படங்களைத் துர்க்குவுக்கு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பின், முழுப் படத்தையும் உருவாக்கக் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் ஓட விட்டாள். ஜலதோஷம் பிடித்திருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டு அதே அறையில் சோபாவில் படுத்தாள். போர்வையை நான்தான் போர்த்திவிட்டேன். ஈசால்மியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டேன்.

"நடுவுல நிறுத்திடாதே," என்று கதவருகே நின்று சொன்னேன். "நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஓடணும்."

"தெரியும் தெரியும். பாத்துப் போ, ரோடு வழுக்கும்," என்றாள்.

பெரிய தீ என்று சொல்ல முடியாது. திரைச்சீலை, மேசை, சுவர்ப் பலகை, சோபாவின் ஒரு கை. அவள்மேல் தீ படவே இல்லை. புகைதான். விழித்துக்கொள்ளவே இல்லை என்று மருத்துவர் சொன்னார். அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

கூரையில் இருந்த புகை அலாரத்தில் பாட்டரி இல்லை என்று உங்கள் போலீஸ் ஆட்கள் குறித்துக்கொண்டார்கள். தீர்ந்துபோய்க் கழற்றியிருப்பீர்கள், மாற்ற மறந்திருப்பீர்கள் என்று நீங்களே எனக்காகச் சொல்லிவிட்டீர்கள். அது தீரவில்லை. அன்று காலை, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினேன். என் கணக்கு எளிமையானது. கொஞ்சம் புகைந்ததுமே அது கூவும். கூவினால் அவள் எழுந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். கார்டு பிழைத்துக்கொள்ளும். கார்டு போக வேண்டும் என்பது மட்டுமே என் விருப்பம். அதற்கு அவகாசம் வேண்டியிருந்தது. அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை துர்க்குவிலிருந்து ஒரு பெண் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டார். அந்த மரங்களுக்கு நடுவே விழும் வெளிச்சத்தை அலுவலகமே கூடி நின்று பார்த்ததாம். ஹில்க்கா எப்போது வந்து சேரலாம் என்று கேட்டார்.

"அவ வரமாட்டா," என்றேன். "இங்கேயே இருந்துடறதா முடிவு பண்ணிட்டா."

"அப்படியா? எங்களுக்குக் கொடுத்துவைக்கலை," என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

நேற்று இதே போலீஸ் நிலையத்தில், தீயணைப்புத் துறை அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். விபத்து என்று முடித்திருக்கிறார்கள். கார்டை மாட்டியவர், ஆபத்து தெரியாமல், தரமற்ற ஒயரைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். காபியை என் பக்கம் நகர்த்தினீர்கள். நல்ல மனம் உங்களுக்கு. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஆனால் அந்த அறிக்கை நாளைக்கு நாலு பேர் கைக்குப் போகும். யார்க்கோ படிப்பான். கடையில் படிப்பார்கள். அந்த ஒயர் எந்தப் பாரத்தில் எப்படி இளகும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே இன்று வந்தேன். நான் வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை. 'தெரியாமல்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.