வேட்டுப் போடாத தெரு

பழைய போர்ப் படங்களில் எனக்குப் பிடித்த விஷயம், அவை அவசரப்படுவதில்லை. முதல் குண்டு விழுவதற்கு முன்னால் சிப்பாய்கள் அரை மணி நேரம் டீ குடிப்பார்கள், வீட்டுக்குக் கடுதாசி எழுதுவார்கள். கறுப்பு வெள்ளை என்றால் இன்னும் நல்லது, ரத்தம் கண்ணை உறுத்தாது. ஐயா, நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

மலைச்சாமி மச்சான் என் அக்கா ஜக்கம்மாவின் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருந்தவர். இளவயதில் இலங்கைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததிலிருந்து வெடிச்சத்தம் ஆகாது. ஓலைவெடி ஒன்று வெடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவார், வேட்டி நனைந்துவிடும். அதனால் முப்பத்தைந்து வருஷமாகக் கோம்பையில் எங்கள் தெருவில் வெடி கிடையாது. தீபாவளிக்குப் பிள்ளைகள் கண்மாய்க்கரைக்குப் போய்க் கொளுத்துவார்கள். சாவு ஊர்வலம் வந்தால் தெருமுனையில் மேளத்தையும் வேட்டுப் போடுவதையும் நிறுத்தி, தெருவைத் தாண்டின பிறகுதான் மறுபடி தொடங்குவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. நல்ல தெரு.

போன தையில் என் அப்பா செத்தார். கோயில் திருவிழாவில் நாற்பது வருஷம் அதிர்வேட்டுப் போட்டவர். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் தூக்கினவர்களின் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. திருட்டுச் சாமானைக் கடத்துகிற மாதிரி இருந்தது. வயிறு எரிந்தது.

இந்த மாசியில் மச்சானே என் வீட்டுக்கு வந்தார். மகள் மகாலட்சுமிக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள், மாப்பிள்ளை சின்னமனூர்.

"பொண்ணழைப்புல வெடி போடுவாக மாப்ள. போடாதீகன்னு சம்பந்தகாரவுககிட்ட எப்பிடிச் சொல்றது? எம்மக கல்யாணத்துல நான் பந்தல்ல நிக்கணும். ஏதாச்சும் பண்ணு."

கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைப் பழக்கினால் பயம் போகும் என்று போனில் பார்த்திருந்தேன். நான் தனிக்கட்டை, வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் படம் போட்டேன். முதல் வாரம் சத்தம் ஆறில் வைத்தேன். என் கையை நசுக்கிவிட்டார். அடுத்த வாரம் பத்து. பதினெட்டில் துண்டைக் கடித்துக்கொண்டு முழுப் படமும் பார்த்தார். "பாத்தியா மாப்ள, எந்திரிக்கலையே" என்று சிரித்தார். அக்கா பணியாரம் கொண்டுவந்து கொடுத்து, "நீ நல்லா இருப்படா தம்பி" என்று அழுதாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெருவும் பழகிக்கொண்டது. என் வீட்டைக் காட்டி, சுருளி வீட்டில் சண்டை ஓடுகிறது என்பார்கள்.

எப்போது மனசு மாறியது என்று கேட்டீர்கள். மாறவில்லை ஐயா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கம்பத்துக்கு ஜவுளி எடுக்கப் போயிருந்தாள். புழுக்கமாக இருக்கிறதென்று மச்சானின் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளியே ஆணியில் மாட்டினேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அந்தச் சட்டைப் பையில்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் புது ஸ்பீக்கர் வைத்திருந்தேன்.

"கொஞ்சம் கம்மியா வையி மாப்ள."

"கல்யாணத்துல கம்மியா வெடிக்க மாட்டாக மச்சான்."

நூறில் வைத்தேன். ரிமோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். படியில் உட்கார்ந்து கடலை உரித்தேன். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் குண்டு விழத் தொடங்கியது. கொஞ்ச நேரம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு எனக்குத் தெரியாத பேர்களைக் கூப்பிட்டார். கூட இருந்த சிப்பாய்களாக இருக்கும். எதிர்வீட்டுச் செல்வமணி குடத்தோடு போகிறபோது, "இன்னைக்குப் பெரிய சண்டையாண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். படம் முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

மறுநாள் மச்சானை எடுத்தபோது, அக்கா வாசலிலிருந்து தெருமுனை வரை நான்தான் வேட்டுப் போட்டேன். ஒரு அடிகூட விடவில்லை. ஊரே என்னை முறைத்தது. நீங்கள் என் பையில் எடுத்த ரசீதில் வியாழக்கிழமைத் தேதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செத்தவருக்கு வியாழக்கிழமையே எதற்கு வேட்டு என்றீர்கள். அவருக்குத்தான் ஐயா. பாதி அவருக்கு, பாதி அப்பாவுக்கு. மகன் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

அக்கா மட்டும் அழாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏலே, எனக்கு வேட்டுப் போடாதீக, மாப்ள பயந்துருவாருன்னு சொல்லிட்டுத்தானடா அப்பா கண்ண மூடுனாக?"

அக்கா அப்போது அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு எப்படிக் கேட்டது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.