எண்ணெய் என்றுதான் சொன்னாள்

வெளியே நிற்கும் போலீஸ் கார்களில் சுவரோரம் இருப்பது எண்ணெய் கசிகிறது, மேடம். என்னை உள்ளே அழைத்து வரும்போது தரையில் பார்த்தேன். கறுப்பாக, கெட்டியாக இருந்தது. எஞ்சின் மேல்மூடியின் கேஸ்கட் இறுகிப் போயிருக்கும். அவசரமில்லை, ஆனால் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

என் பெயர் ஜெயபாலன். ஆயர் ஈத்தாமில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். மகேஸ்வரனோடு எனக்கு என்ன பகை என்று கேட்டீர்கள். பகை என்று ஒன்றுமில்லை. அவனை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவனுடைய கார் ரொம்பப் பழசு. ஏதாவது சத்தம் வந்தால் போன் போட்டு, எஞ்சின் மாதிரி வாயாலேயே சத்தம் எழுப்பிக் காட்டுவான். "டுப்பு டுப்புங்குது பாஸ், என்னவா இருக்கும்?" நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்டு, இன்னது என்று சொல்வேன். உடனே பத்து பாகாட் டவுனில் இன்னொரு பட்டறைக்குப் போய், நான் சொன்னது சரியா என்று விசாரிப்பான். திரும்பி வந்து, என் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "அங்க வேற மாதிரி சொல்றாங்க லா" என்பான். ஒரு தடவை இல்லை, எப்போதும்.

கடைசியாக வந்தபோது கார் குலுங்கிக் குலுங்கி ஓடியது. பிளக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். இரண்டாவதைக் கழற்றியபோது எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. அப்படியென்றால் அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை. கேபிளைத் திரும்ப மாட்டி, மேலே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து இருட்டாக்கிக் காட்டினேன். கேபிளின் வெடிப்பிலிருந்து நீலப் பொறி வெளியே குதித்துக்கொண்டிருந்தது. அவனும் கண்ணால் பார்த்தான்.

பத்து பாகாட்டில், கோளாறு காரின் பெட்ரோல் பம்ப்பில் என்றார்களாம். பம்ப்பை மாற்றிக்கொண்டான். அந்த வாரம் கோயில் அன்னதானத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "ஜெயபாலன் அண்ணன் கேபிள்னாரு. டிவி கேபிள் ஞாபகம் போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி பிரேமலாவும் சிரித்தாள்.

அதற்குப் பிறகும் அந்தக் கார் குலுங்கிக்கொண்டுதான் ஓடியது. காலையில் என் பட்டறையைத் தாண்டும்போது கேட்கும். கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதை மறைக்க விரும்பவில்லை.

அவன் மனைவி ஷாமளா போன் செய்த அன்று, அவன் காரை அவளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவள் என்னிடம் பேசுவது அபூர்வம். பானைக் கடைகளுக்குப் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னாள். "அண்ணே, வண்டி ரொம்ப உதறுது. கீழ எண்ணெய் ஒழுகுது. அவரு போன் எடுக்க மாட்டேங்கறாரு. என்ன செய்யட்டும்?"

எண்ணெய் என்றுதான் சொன்னாள். என் வக்கீலும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். கறுப்பு எண்ணெய், அதாவது எஞ்சின் ஆயில் என்று நினைத்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லச் சொல்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் மேடம், நீங்களும் இந்த ஊர்ப் பிள்ளை. பெட்ரோல் போடப் போகும்போது வீட்டில் என்ன சொல்வீர்கள்? "எண்ணெய் ஊத்திட்டு வந்துடறேன்" என்றுதானே? நாமெல்லாம் அப்படித்தான் பேசுகிறோம். இருந்தாலும் சந்தேகம் வேண்டாம் என்று அவளிடம் கேட்டேன், என்ன நிறம் என்று.

"நெறமே இல்லண்ணே, தண்ணி மாதிரி இருக்கு. வாசத்துக்கே தலைய வலிக்குது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. புது பம்ப்பின் அழுத்தத்தைப் பழைய ரப்பர் குழாய் தாங்கவில்லை. எஞ்சின் மேல் பெட்ரோல், பக்கத்திலேயே பொறி விடும் கேபிள். ஓட்ட வேண்டாம், இறங்கித் தள்ளி நில்லுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மகேஸ்வரன் வந்து, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு நேராகப் பத்து பாகாட்டுக்குப் போயிருப்பான். அங்கே குழாயையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, தாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லியிருப்பார்கள். நான் கண்டுபிடித்தது அது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

"கறுப்பு எண்ணெய்தான்மா. பயப்படாம ஸ்டார்ட் பண்ணி மெதுவா நம்ம பட்டறைக்கு ஓட்டிட்டு வாங்க" என்றேன்.

அவள் அடுத்த வளைவைக்கூடத் தாண்டவில்லை. நான் போவதற்குள் பானைக் கடைக்காரர்கள் மணலை வாரிக் கொட்டித் தீயை அணைத்திருந்தார்கள். அவளைத் துணியால் மூடியிருந்தார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் நின்றதால் கார் அருகே போக முடிந்தது. குனிந்து பார்த்தேன். அந்த இரண்டாவது கேபிள் இருந்த இடம்தான் மற்ற இடங்களைவிட அதிகமாகக் கருகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மகேஸ்வரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, "கேபிள்தான் மகேஸ்" என்றேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "அவ கடைசியா உங்களுக்குத்தானே போன் போட்டிருக்கா" என்றான். அவன் போய்ச் சொல்லித்தான் உங்கள் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

ஆகவே வக்கீல் சொன்னதை எழுத வேண்டாம், மேடம். அது பெட்ரோல் என்று எனக்குத் தெரியும். சாவியைத் திருப்பினால் பற்றும் என்றும் தெரியும். தெரிந்துதான் ஓட்டச் சொன்னேன். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். என் கணிப்பில் பிழை இல்லை.

ஷாமளாவைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் எதிர்க்கேள்வி கேட்கவில்லை, வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அந்த வீட்டிலேயே நல்ல மனுஷி அவள்தான். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.