கொள்ளிடக்கரை நாய்த்துளசி

ஸ்ரீரங்கத்தில் ஜங்ஷன் பஸ் ஏறினேன். இருமிக்கொண்டிருந்த குழந்தையை ஜன்னலோரம் வைத்துக்கொண்டது தப்போ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முன் சீட்டில் இருந்த இரண்டு கல்லூரி மாணவர்களில் ஒருவன் சொன்னான்:

"மருங்காபுரி நாய்த்துளசின்னு வாத்தியார்கிட்ட குடுத்தேன்ல, அது நம்ம கொள்ளிடக்கரையில பறிச்சதுடா."

"அடப்பாவி! ஏன்டா?"

"அவ்வளவு தூரம் யாரு போறது? எல்லாம் ஒரே செடிதானேன்னு நெனச்சேன். எண்ணெய் வடிச்சுப் பாத்தா, அந்தப் பக்கத்துச் செடியில வர்ற கற்பூர வாசனையே இல்லையாம். கிராம்பு வாசனை அடிக்குதாம். ஊருக்கு ஊர் எண்ணெய் மாறுமாம்டா."

"திட்டினாரா?"

"திட்டினா தேவலையே. மருங்காபுரியில புது வகை கண்டுபிடிச்சிட்டோம்னு குதிக்கிறார். நாளைக்கு அந்த இடத்தைக் காட்டணுமாம்."

"இன்னிக்கே போய் உண்மையைச் சொல்லிடுடா."

"கட்டுரையை நேத்தே பத்திரிகைக்குத் தபால்ல அனுப்பிட்டாருடா. என் பேரையும் சேத்து."