மிஷின் சுவரில் உட்காரும்வரை

— கயிறைத் தளர்த்திடாதே மச்சான்! பிராக்கெட் ஆடுது!

— ஆடுதா? காலையில நீதானே முறுக்கினே?

— முறுக்கினேன். மேல பூச்சு பளபளன்னு இருக்கு, உள்ளே பூரா பொடி. விழப்போற பல்லு மாதிரி ஆடுது போல்ட்டு. இது மேல ஏசி மிஷினை உக்கார வச்சா, ராத்திரிக்குள்ள கீழே ஜூஸ் கடை வாசலுக்கு இறங்கிடும்.

— அப்போ மிஷினை மேல இழுத்துடறேன். நீ உள்ளே வந்துடு.

— எப்படி இழுப்பே? ஜன்னல் விளிம்பைத் தாண்டி இறக்கியாச்சு. ஒத்தை ஆளு பிடிச்சு நிறுத்தலாம், தூக்க முடியாது. நீ என்ன கிரேனா?

— வாயைக் குறை. மிஷின் கயிறு என் கைல. உன் பெல்ட்டுக் கயிறு என் இடுப்புல. ரெண்டு பாரத்தையும் தாங்கறவன் நான். விளையாட்டு வேணாம்.

— விளையாடலை. ஒரு சாண் தள்ளிப் புதுசா ஓட்டை போட்டுடறேன். அங்கே சுவர் கெட்டி, தட்டிப் பார்த்துட்டேன். அதுவரைக்கும் மிஷினை அப்படியே அந்தரத்துல நிறுத்து. மேலயும் வேணாம், கீழயும் வேணாம்.

— தம்பி, நான் ஒண்ணு கேக்கலாமா? காலையிலேர்ந்து ஒரு ஏசியை மாட்டறீங்க. என் பஸ்ஸா இருந்தா இந்நேரம் கடைசி ஸ்டாப்புக்குப் போய்த் திரும்பியே வந்திருக்கும்.

— கொஞ்சம் பொறுங்கம்மா. உங்க வீட்டுச் சுவர்தான் சண்டை பண்ணுது.

— பொறுக்கறதுக்கு என்ன, பொறுக்கறேன். வாழ்நாள் பூரா இன்ஜின் சூட்டுல நின்னு டிக்கெட் கிழிச்சவ. இனிமேலாவது ஜில்லுனு ஒரு தூக்கம் தூங்கலாம்னு பார்த்தா, ஜன்னலைப் பேத்து வச்சுட்டு வெயிலை உள்ளே விட்டிருக்கீங்க.

— கண்டக்டரம்மா! கோவிச்சுக்காதீங்க! உங்க பஸ்ஸுல எத்தனை பேரு டிக்கெட் எடுக்காம படியில தொங்கியிருப்பான்! நான் இன்னிக்கு உங்க வீட்டுச் சுவத்துல தொங்கறேன், கணக்குச் சரியாப் போச்சு!

— ஏம்மா, அவனோட பேச்சுக் கொடுக்காதீங்க. கால் வைக்க ஒரு முழம் இடம் இல்ல, வாய் மட்டும் காதம் போகும்.

— யாரு இந்தப் பிள்ளை? உங்க தம்பியா?

— தங்கச்சி புருஷன்.

— அதைச் சொல்றதுக்கு ஏன் இப்படி முகத்தைச் சுளிக்கறீங்க?

— விடுங்கம்மா. மாப்ளே! என்ன சத்தத்தையே காணோம்? யார்கிட்ட முணுமுணுக்கறே?

— சுவத்துகிட்ட. கொஞ்சம் ஒத்துழைன்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன்.

— கெஞ்சினது போதும். டிரில்லைப் போடு.

— போடறேன். கயிறு மட்டும் பத்திரம் மச்சான்.

— தம்பி, உங்க சட்டைப் பையில போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— நின்னு நின்னு அடிக்குது. எடுக்கவா? நீங்க கையை அசைக்காதீங்க. "வீடு"ன்னு வருது.

— காதுல வையுங்க. சொல்லு, கைவேலையா இருக்கேன்... என்ன?... அழாம சொல்லு. அழுதா எனக்கு ஒண்ணும் புரியலை... செக்கப்புக்குத்தானே அவளைக் கூட்டிட்டுப் போனே?... எப்போ?... நிக்கவே இல்லையா?... டாக்டர் என்ன சொல்றாங்க?... ம்... ம்... நீ அங்கேயே இரு. கதவை விட்டு நகராதே... அவன் என் கூடத்தான் இருக்கான். நான் சொல்லிக்கறேன். வை.

— மச்சான்! யாரு போன்ல?

— அம்மா, போனைப் பையில போட்டுடுங்க.

— மச்சான்!

— கடைக்காரன். காப்பர் பைப் வந்துடுச்சாம்.

— அதுக்கா இவ்வளவு நேரம் பேசினே? சரி சரி, டிரில்லைப் போடறேன். தூசி வரும், கண்ணைப் பார்த்துக்க.

— தம்பி, உங்க முகம் ஏன் இப்படி வெளிறிப் போச்சு?

— மெதுவாம்மா. அந்த டிரில் சத்தம் இருக்கிறவரைக்கும்தான் பேசலாம். அது நின்னதும் வாயை மூடிக்குங்க.

— யாருக்கு என்ன?

— என் தங்கச்சிக்கு. அவன் பெண்டாட்டிக்கு. முழுகாம இருக்கா, நாள் இன்னும் வரலை. ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தவளுக்குத் திடீர்னு ரத்தம் போக ஆரம்பிச்சிருக்கு. நிக்கலையாம். உள்ளே தூக்கிட்டுப் போயிட்டாங்க. என் பெண்டாட்டி வெளியில தனியா நிக்கிறா.

— அடக் கடவுளே! அவர்கிட்ட சொல்லுங்க தம்பி. தாலி கட்டினவர்கிட்ட மறைக்கலாமா?

— எட்டிப் பாருங்க. எட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க. அவன் நிக்கிறது கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேல இருக்கிற சிலாப்பு. முழுப் பாதம் பதியலை. கைல ஓடுற டிரில். தலைக்கு நேரா மிஷின் தொங்குது. இப்போ நான் வாயைத் திறந்தா அவன் அப்படியே திரும்புவான். திரும்பற இடமா அது?

— ஆமா... சறுக்கினா பிடிக்க ஒண்ணும் இல்ல.

— கைல சின்னக் கீறல் பட்டாலே கண்ணை மூடிக்கிற ஆளு. "ரத்தம்"னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் கீழே கிடப்பான். முதல்ல உள்ளே வரட்டும்.

— சீக்கிரம் கூப்பிடுங்க அப்போ.

— சத்தம் நின்னுடுச்சு. உஷ்.

— ஓட்டையெல்லாம் விழுந்துடுச்சு மச்சான்! அப்பா, என்ன சுவர் இது! இந்தப் பக்கம் மாவு, அந்தப் பக்கம் பாறை.

— சரி, ஒரு போல்ட்டை மாட்டிட்டு உள்ளே வந்துடு. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்.

— ஒரு போல்ட்டா? பேசறது நீதானா? ஒரு வாஷர் குறைஞ்சா என் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசுவியே!

— பசிக்குது எனக்கு.

— பசியா? உன் வாயால அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லையே.

— வெயில் மண்டையைப் பிளக்குது. உள்ளே வாடா!

— "டா"வா? கல்யாணம் ஆனதுக்கப்புறம் முதல் தடவையா என்னை "டா" போட்டிருக்கே! கண்டக்டரம்மா, நீங்கதான் சாட்சி!

— சாட்சி சொல்றேன் தம்பி, நீங்க உள்ளே வந்துடுங்க. எனக்கு ஏசி இன்னிக்கு வேணாம். நாளைக்கு மாட்டினா குடியா முழுகிடும்?

— நீங்களுமா? இப்போதானே பஸ்ஸு ஊரு போய்த் திரும்பியிருக்கும்னீங்க? வர முடியாதும்மா. கீழே கடையில ஸ்கூல் பிள்ளைங்க கூட்டமா நின்னு ஐஸ் வாங்குது. மிஷின் உக்காராம நான் நகர முடியாது. பிராக்கெட்டை இங்கே மாட்டி முறுக்கிட்டேன் மச்சான், இப்போ பதமா இறக்கு. விரற்கடை... இன்னும் விரற்கடை...

— இறக்கறேன்.

— நேரா விடு. உன் பக்கம் சாயுது. ஏன் கயிறு விட்டு விட்டு வருது? பிடி நழுவுதா உனக்கு?

— வேர்வை. வழுக்குது.

— பேன்ட்டுல துடைச்சுக்கன்னு சொல்லவும் முடியாது. மூச்சை நல்லா இழுத்து விடு. நீ மெதுவா இறக்கு, அவசரம் ஒண்ணும் இல்ல.

— அவசரம் இல்லையா...

— என்ன?

— ஒண்ணுமில்ல. இறக்கறேன்.

— அப்படித்தான். இன்னும் கொஞ்சம்... ஐயோ! மச்சான்! சிலாப்பு! சிலாப்பு உடையுது!

— மாப்ளே!

— பிடி! பிடி! பிடி!

— பிடிச்சிருக்கேன்! பிடிச்சிருக்கேன்! மாப்ளே, பேசு! எங்கே இருக்கே?

— இருக்கேன்... ஓரம் பெயர்ந்துடுச்சு. ஒரு கால் தொங்குது. ஒரு கையால பிராக்கெட்டைப் பிடிச்சிருக்கேன். கீழே... கீழே யாருக்காவது பட்டுச்சா?

— நான் பார்க்கறேன். ஏய்! கீழே நிக்கிற பிள்ளைங்களா! ஓடுங்க அந்தப் பக்கம்! கடைக்காரரே, எல்லாரையும் உள்ளே தள்ளுங்க! ரைட்... ரைட்... கூட்டம் கலைஞ்சுடுச்சு தம்பி. யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

— அம்மா! என் இடுப்பு அறுபடுது. ரெண்டு பாரமும் சேர்ந்து இழுக்குது!

— நகருங்க, நானும் பிடிக்கறேன். ஆடுற பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம நின்ன காலு இது. கட்டில்ல முட்டுக் கொடுத்துட்டேன். இழுங்க!

— மிஷின் கயிறை நீங்க பிடிங்க. இல்ல, வேணாம், ரெண்டையும் சேர்த்தே பிடிப்போம். மாப்ளே! மிஷினை விட்டுடட்டுமா? கீழே ஆள் இல்ல. விட்டுட்டு உன்னை மட்டும் இழுக்கறேன்!

— விடாதே! மிஷின் என் தோளை உரசிட்டுத் தொங்குது. விட்டா என்னையும் வாரிக்கிட்டுப் போகும். ஒரு நிமிஷம் கொடு. காலை மேல வச்சுடறேன்.

— சீக்கிரம்.

— மச்சான், பேசிக்கிட்டே இரு. நீ பேசாம இருந்தா எனக்குக் கீழே பார்க்கத் தோணுது. ஏதாவது பேசு.

— என்னத்தைப் பேச?

— என் கல்யாணத்துக்கு ஏன் வரலை?

— இதைக் கேக்கற நேரமா இது?

— வேற எப்போ கேட்டாலும் எழுந்து போயிடுவே. இப்போ உன்னால போக முடியாதே.

— கோவம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போனே. வேலையில விளையாட்டு, பேச்சுல விளையாட்டு. உன்னை நம்பி எப்படி விடறது அவளை? நீ எதையும் மனசுல வாங்கிக்காத ஆளு. அதான் வரலை.

— இப்பவும் அந்தக் கோவம் இருக்கா?

— இப்போ கயிறைப் பிடிச்சிட்டிருக்கேன்.

— அது போதும் எனக்கு. கால் வச்சுட்டேன்! முட்டு கிடைச்சுடுச்சு!

— தம்பி, உங்க போன் திரும்ப அடிக்குது.

— எடுக்காதீங்கம்மா.

— நல்ல சேதியா இருந்தா...

— கெட்டதா இருந்தா? என் கை இதுக்கு மேல எதையும் தாங்காது. அடிச்சு ஓயட்டும்.

— மச்சான், அங்கே என்ன குசுகுசுன்னு?

— கடைக்காரன். விடு அவனை. முறுக்கு.

— முறுக்கறேன். முன்னால ரெண்டும் உக்காந்துடுச்சு. பின்னால... இழு, இழு, அப்படியே நிறுத்து. உக்காந்துடுச்சு மச்சான்! பிராக்கெட் மேல அம்சமா உக்காந்துடுச்சு! இரு, கடைசி நட்டு... ம்... ம்... ஆச்சு! மிஷின் கயிறை விட்டுடு. என் கயிறை மட்டும் இழு.

— அம்மா, இதை விட்டுட்டு அதைப் பிடிங்க. இழுங்க.

— இழுக்கறேன். வாங்க தம்பி, வாங்க... கையைக் கொடுங்க. அந்தக் கால்... இந்தக் கால்... வந்துட்டாரு! ரைட்! ரைட்!

— கயிறை விடு மச்சான். வந்துட்டேன். விரலைப் பிரி.

— பிரிய மாட்டேங்குது.

— தோல் உரிஞ்சு போயிருக்கு பாரு. அம்மா, கொஞ்சம் தண்ணி கொடுங்க.

— தண்ணி கிடக்கட்டும். அம்மா, அந்தப் போனைத் திருப்பிப் போடுங்க. மாப்ளே, நீ தரையில உக்காரு. சுவத்துல சாஞ்சுக்க. ஒரு விஷயம் சொல்லணும், பதறக் கூடாது.

— உக்காந்துட்டேன்.

— பொறுங்க, எடுத்துட்டாங்க. ஹலோ, ஆமாம்மா, நான் ஏசி மாட்டற வீட்டுக்காரி. ரெண்டு பேரும் இங்கேதான் இருக்காங்க. நீங்க சொல்லுங்க... ஆங்... அழாதீங்க, நிதானமாச் சொல்லுங்க... ரெண்டு பேருமா? நிஜமாத்தானே சொல்றீங்க? தம்பி! ரெண்டு உயிரும் பத்திரம்! பொண்ணு பிறந்திருக்கு. எடை குறைச்சலாம், இன்குபேட்டர்ல வச்சிருக்காங்க. அம்மாவுக்கு ரத்தம் நின்னுடுச்சு, புது ரத்தம் ஏத்திக்கிட்டிருக்காங்க!

— கேட்டியா மாப்ளே? கேட்டியா? பொண்ணு... என்னை மன்னிச்சுடு. அந்த போன் கடைக்காரன் இல்ல. உன் பெண்டாட்டி சாகக் கிடந்தா, நான் உன்கிட்ட காப்பர் பைப்னு பொய் சொன்னேன். வெளியில தொங்கறவன்கிட்ட எப்படிடா சொல்றது? நீ விழுந்துட்டா அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

— தம்பி, இன்னும் ஏதோ சொல்றாங்க. கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தாலும் கைமீறிப் போயிருக்குமாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து கேட்டதுமே வீட்டுக்காரர் போன்லயே சம்மதம் சொல்லிட்டாராம். அதனாலதான் உடனே ஆபரேஷனை ஆரம்பிச்சாங்களாம்.

— வீட்டுக்காரனா? தப்பாச் சொல்றா. அவ பதட்டத்துல யாரையோ நினைச்சுக்கிட்டு உளர்றா. வீட்டுக்காரன் என் கயித்துல இல்ல தொங்கிக்கிட்டிருந்தான்... மாப்ளே? ஏன் தலையைக் குனிஞ்சுக்கறே? டேய். என்னைப் பாரு. உனக்குத் தெரியுமா?

— உனக்கு முன்னாடி ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குத்தான் பேசினாங்க மச்சான், சுவத்துகிட்ட கெஞ்சறேன்னு சொன்னப்போ இயர்போன் காதுல இருந்துச்சு. கயிறு உன் கைல, சாகக் கிடக்கிறது உன் தங்கச்சி. உன்கிட்ட நான் எப்படிச் சொல்வேன்?